எண்ணைத் திருத்தும் முன் கதையைப் பாருங்கள்: மாய உலகச் சீட்டாட்டங்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

சீட்டுகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்குக் கதை எழுதுபவர்களுக்கும், வெளியான பிறகு அவற்றைத் திருத்திக்கொண்டே இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் எங்களுக்கு ஒரு கருத்துப் படிவம் அனுப்புகிறீர்கள். எந்தச் சீட்டுக்கு வலிமை கூடுதல், எது உதவாக்கரை, எந்த எதிரியிடம் அதிகம் தோற்றீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள். நாங்களும் ஆர்வத்தோடு நிரப்புகிறோம். கதையைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே ஒரு கேள்வி இருக்கும்: கதை உங்களுக்குப் பிடித்திருந்ததா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்? நான் வழக்கமாக மூன்று போடுவேன். பெரும்பாலானோர் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். அந்த மூன்றை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஆகவே வலிமைப் புகார்கள் வடிவமைப்பாளரின் மேசைக்குப் போகின்றன, கதைப் புகார்கள் எங்கோ போகின்றன. இந்தப் பிரிவினையே தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கட்டு சேர்க்கும் ஆட்டங்களில், அதாவது ஆட ஆடத் தம் சீட்டுக்கட்டை ஒவ்வொருவரும் தாமே உருவாக்கிக்கொள்ளும் ஆட்டங்களில், இரண்டும் ஒரே புகார்.

டொமினியனையே எடுத்துக்கொள்வோம். டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்து 2008இல் வெளிவந்த ஆட்டம். ஆடிக்கொண்டிருக்கும்போதே சீட்டு வாங்கிக் கட்டைச் சேர்ப்பது என்ற முறையை ஒரு தனி வகையாகவே நிலைநிறுத்தியது அதுதான். கதை என்று பார்த்தால் அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முதல் பதிப்பில் ‘திருடன்’ என்று ஒரு சீட்டு இருந்தது. அதை ஆடினால் மற்ற ஒவ்வொருவரும் தம் கட்டின் மேலிருந்து இரண்டு சீட்டுகளைத் திறந்து காட்ட வேண்டும். அதில் ஒரு பணச்சீட்டு பறிபோகும். விரும்பினால் நீங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஏழு செப்புக் காசுகளோடுதான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். பறிபோவது பெரும்பாலும் மதிப்புக் குறைந்த அந்தச் செப்பு. கட்டு சேர்க்கும் ஆட்டத்தில் உதவாத சீட்டுகள் இல்லாத மெலிந்த கட்டே வலிய கட்டு என்பதால், செப்பை இழந்தவருக்கு அடுத்தடுத்த கைகள் முன்னைவிட நன்றாக வர ஆரம்பிக்கும். திருட்டுக் கொடுத்தவர் செழிக்கிறார். திருடியவரோ செப்பை எடுத்துக்கொண்டால் தம் கட்டைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

2016இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆறு சீட்டுகள் நீக்கப்பட்டன. திருடனும் அதில் போனான். புதிதாக வந்த ஏழில் ‘கொள்ளைக்காரன்’ ஒன்று. அதை ஆடினால் உங்களுக்கு ஒரு தங்கம் கிடைக்கும். மற்றவர்கள் இரண்டு சீட்டுகளைத் திறந்து, செப்பு அல்லாத ஒரு பணச்சீட்டை இழப்பார்கள். ‘செப்பு அல்லாத’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். அது விதியைத் திருத்தியது. அதே மூச்சில் ஆளையும் திருத்தியது: இவன் சில்லறைக்குக் கை நீட்டுபவன் இல்லை. திருடனைப் பற்றி ஒருவர் ‘இந்தச் சீட்டு பலவீனம்’ என்று எழுதியிருக்கலாம். இன்னொருவர் ‘இவன் திருடன் மாதிரியே இல்லையே’ என்று எழுதியிருக்கலாம். முதல் புகார் எந்த நிறுவனத்திலும் உடனே பதிவாகும். இரண்டாவது சிரித்துவிட்டுத் தள்ளிவைக்கப்படும். ஆனால் எங்கே கோளாறு என்பதை நெருங்கிச் சொன்னது இரண்டாவதுதான்.

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2016இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் தம் இருபது ஆண்டு அனுபவத்தை இருபது பாடங்களாகத் தொகுத்துப் பேசினார். குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் ஆட்டக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதைத் தீர்ப்பதில் அல்ல என்பது அவற்றில் ஒன்றின் சாரம். எனக்கு மறுப்பில்லை. இந்த மடலிலும் நான் தீர்வுகளைக் குவிக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் இந்தப் பாடத்தைப் பாதிதான் கடைப்பிடிக்கிறீர்கள். எங்கள் தீர்வுகளை ஒதுக்குகிறீர்கள், சரி. கதை தொடர்பான எங்கள் குறைகளையும் சேர்த்து ஏன் ஒதுக்குகிறீர்கள்? ‘ரசனை சார்ந்தது’ என்ற முத்திரை குத்தினால் வேலை முடிந்துவிடுகிறது, அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்களிடம் எண்கள் இருக்கின்றன. ஸ்லே தி ஸ்பயர் என்ற கணினிச் சீட்டாட்டம் 2017 நவம்பரில் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. 2019 ஜனவரியில்தான் முழு வடிவம் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டக்காரர்கள் எந்தச் சீட்டை எடுத்தார்கள், எதைத் தாண்டிப் போனார்கள், எங்கே செத்தார்கள் என்ற தரவைத் திரட்டி, அதைக்கொண்டே அதை உருவாக்கியவர்கள் சீட்டுகளின் வலிமையைச் சமன்செய்தார்கள். பலன் கண்கூடு, இன்று வரும் ஒற்றை ஆள் சீட்டாட்டங்களில் பாதிக்கு அதன் சாயல் இருக்கிறது. அந்த வெற்றிக்குப் பிறகு தரவு திரட்டாத குழுவே இல்லை என்றாகிவிட்டது.

தரவின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அதற்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு, உங்களுக்கே தெரிந்தவை. ஏற்கெனவே வெல்லும் நிலையில் இருப்பவர் மட்டுமே எடுக்கத் துணியும் ஒரு சீட்டுக்கு வெற்றி விகிதம் வானளாவ இருக்கும். சீட்டு வலியது என்று பொருள் இல்லை. தோல்வியின் விளிம்பில் வேறு வழியின்றி எடுக்கப்படும் சீட்டுக்கு விகிதம் படுத்துக்கிடக்கும்; அது மோசமான சீட்டு என்றும் பொருள் இல்லை. இதையெல்லாம் கழித்துக் கணக்கிட உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பலவீனம் என்று தெரிந்தே ஒருவர் ஆட்டத்தின் கடைசி வரை ஒரு சீட்டைக் கட்டைவிட்டு நீக்காமல் வைத்திருந்தால், உங்கள் அட்டவணையில் அது எப்படித் தெரியும்? பிழையான முடிவு என்று தெரியும். அந்த முடிவுக்குள்தான் உங்கள் உலகத்தை அவர் நம்ப ஆரம்பித்த இடம் இருக்கிறது.

அதே ஸ்லே தி ஸ்பயரில்தான் இதற்கு நல்ல சான்றுகளும் இருக்கின்றன. அதன் சாபச் சீட்டுகளைப் பாருங்கள். ‘கழிவிரக்கம்’ என்று நாம் பெயர் சொல்லக்கூடிய ஒன்று: சுற்று முடியும்போது கையில் எத்தனை சீட்டுகள் மிச்சமிருக்கின்றனவோ அத்தனை உயிர்ப்புள்ளி போகும். செய்யாமல் விட்டவை எத்தனையோ அத்தனை வலி. ‘ஒட்டுண்ணி’ இன்னொன்று. நிறக் காளான்களைத் தின்றால் உடல் தேறும், ஆனால் இது கட்டுக்குள் புகுந்துவிடும். பிடுங்கி எறியப் பார்த்தால் உயிரின் உச்ச அளவே மூன்று குறையும். ‘இயல்புநிலை’ கையில் இருக்கும்வரை ஒரு சுற்றில் மூன்று சீட்டுகளுக்கு மேல் ஆட முடியாது. இவற்றுக்கெல்லாம் நீண்ட பின்கதை ஏதும் கிடையாது. விதியே கதையைச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் ஆடுபவர்கள் சாபங்களை ஆட்களைப் போலத் திட்டுகிறார்கள்.

சாபத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம். நம் கதைகளில் சாபம் தனியாக வருவதே இல்லை. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், எத்தனை காலம், எப்போது விமோசனம் என்ற நான்கும் கூடவே வரும். சபித்தவரே மனமிரங்கி விமோசனத்துக்கு வழி சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பெரும்பாலான ஆட்டங்களின் சாபச் சீட்டு அரைகுறையாகத்தான் படுகிறது. டொமினியனில் ‘சூனியக்காரி’ சீட்டை ஆடினால் உங்களுக்கு இரண்டு சீட்டுகள், மற்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு சாபம். கையிலிருக்கும் ‘அகழி’ சீட்டைக் காட்டியவர் தப்பிப்பார். சாபம் என்ன செய்யும்? இறுதியில் ஒரு புள்ளி குறைக்கும், அதுவரை கையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவ்வளவே. ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு அது போதும், ஏனென்றால் சாபம் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அது சரியாகச் செய்கிறது: திரும்பத் திரும்ப வருகிறது. கட்டைக் கலைக்கும் ஒவ்வொரு முறையும் எப்போது தலைகாட்டுமோ என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். வேறு எந்த வகை ஆட்டத்தாலும் இவ்வளவு மலிவாக இதைச் செய்ய முடியாது. விமோசனமாக ‘சிற்றாலயம்’ என்ற சீட்டு இருக்கிறது. ஒரே வீச்சில் நான்கு சீட்டுகள் வரை துறக்கலாம், விலையோ வெறும் இரண்டு. துறந்தவனுக்கே செல்வம் சேரும் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சீட்டு வேறு எனக்குத் தெரியாது. அதை வடிவமைத்தவர் அப்படி நினைத்துத்தான் வைத்தாரா என்பது வேறு விஷயம்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். ஆட்டத்தின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. இந்தத் தவறை ஒரு நிறுவனம் மட்டும் செய்வதில்லை. அதில் ஒரு படகோட்டிக் கிழவி இருந்தாள். கட்டிலிருந்து அவளை விலக்கினால் நிரந்தரமாகப் போக மாட்டாள். சில சண்டைகள் கழித்து, விலை ஒன்று ஏறித் திரும்பி வருவாள். அவள் சீட்டின் அடியில், அக்கரைக்குப் போனவர்களில் திரும்பி வந்தவள் தான் ஒருத்திதான் என்று அவளே சொல்வதாக ஒரு வரி. வலிய சீட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் பேசுவது அவளைப் பற்றித்தான். ஒரு திருத்தத்தில் அவள் ‘எளிமையாக்கப்பட்டாள்’. இப்போது அவளை ஆடினால் இரண்டு சீட்டுகள் உருவலாம். விலக்கினால் போய்விடுவாள். அடியில் அந்த வரி மட்டும் அப்படியே நிற்கிறது. திரும்பி வருவேன் என்கிறாள், வருவதில்லை. எண்களைப் பொறுத்தவரை இது நல்ல திருத்தம். முன்னைவிட அதிகம் பேர் அவளை எடுக்கிறார்கள் என்று குழுவே மகிழ்ச்சியோடு அறிவித்தது. கதை எழுதியவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் அந்த வரியையாவது எடுத்திருப்பார்.

நான் அப்போது அனுப்பிய கருத்து ‘கதை’ என்ற பிரிவில் பதிவாகி, நன்றி சொல்லும் ஒரு தானியங்கிப் பதிலோடு முடிந்தது. அதே கருத்தை ‘பிழை’ என்ற பிரிவில் அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் அது உண்மை. சீட்டில் அச்சான ஒரு வாக்கியம் நடக்காவிட்டால் அது பிழைதானே? ‘மூன்று சேதம்’ என்று எழுதியிருந்து இரண்டு விழுந்தால் மறுநாளே சரிசெய்கிறீர்கள்.

‘யாரும் கதையைப் படிப்பதில்லை, எல்லோரும் தாண்டிப் போகும் பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அழுத்துகிறோம், உண்மைதான். அடுத்த சண்டைக்கும் எனக்கும் நடுவில் நான்கு பத்திகளை நிறுத்தினால் அழுத்தத்தான் செய்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐந்து குலங்கள் இருந்தன, ஒளி மங்கியது, முத்திரை உடைந்தது என்று தொடங்கும் கலைக்களஞ்சியம் எதையும் நான் முடித்ததில்லை. முடித்தவர் ஒருவரையும் சந்தித்ததில்லை. இந்த ஆட்டங்களின் இயல்பே தோற்றுத் தோற்றுத் திரும்பத் தொடங்குவது. இருபதாவது முறையும் அதே உரையை அதே ஆர்வத்தோடு கேட்க யாராலும் முடியாது. பொத்தான் அழுத்தப்பட்ட கணக்கு உங்களுக்குச் சொல்வது கதை தவறான இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். கதை வேண்டாம் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டால், தொடக்கக் கட்டிலேயே நிற்கலாம். ஸ்லே தி ஸ்பயரின் முதல் வீரன் ஐந்து வெட்டு, நான்கு தற்காப்பு, ஒரு பலத்த அடி என்று பத்துச் சீட்டுகளோடு வருகிறான். அவன் பிறப்பு வளர்ப்பு எனக்குத் தெரியாது. ஆனால் நுணுக்கம் அறியாத முரட்டு ஆள் என்பது முதல் கையிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு வணிகனிடம் 75 பொன் கொடுத்து அந்த வெட்டுகளில் ஒன்றை நீக்குகிறேன். அடுத்த முறை 25 ஏறுகிறது. பழைய பழக்கத்தை மறக்கக் கட்டணம், மறக்க மறக்க அது உயர்கிறது! ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்து தொடங்குவதற்குக்கூட அங்கே காரணம் இருக்கிறது: வாசலில் நியோ என்ற பேருயிர் நம்மை உயிர்ப்பித்து அனுப்புகிறது. தோல்வியையே கதைக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2021இல் வந்த இன்ஸ்கிரிப்ஷன் என்ற கணினிச் சீட்டாட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. டேனியல் மல்லின்ஸ் உருவாக்கியது. அதில் பல சீட்டுகளுக்கு விலை இரத்தம். ஓநாயைக் களத்தில் இறக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே களத்தில் நிற்கும் உயிர்களைப் பலி கொடுக்க வேண்டும். அதற்கென்றே அணில்கள் தனிக் கட்டாகக் கிடைக்கின்றன. கீரியைப் போன்ற ஒரு விலங்கின் சீட்டு நம்மிடம் பேசும். பலி கொடுக்கப்போனால் சலித்துக்கொள்ளும். நீங்கள் தோற்றுவிட்டால் உங்களையே படம் பிடித்து ஒரு சீட்டாக்கிவிடுவார்கள். அது பிறகு வரும் ஆட்டங்களில் கைக்கு வரலாம். இன்னும் ஆடாதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன். விலை என்பது வெறும் எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஏயான்ஸ் எண்ட் என்ற பலகை ஆட்டம் வேறொரு வகை. அதில் தன் கட்டை யாரும் கலைப்பதே இல்லை. கழித்துப் போட்ட குவியலை அப்படியே திருப்பி வைத்துக்கொள்ளலாம். எந்த வரிசையில் கழித்தோமோ அந்த வரிசையில்தான் அடுத்த மந்திரங்கள் வரும். பயிற்சி பெற்ற மந்திரவாதியை ஆடுகிறோம் என்ற உணர்வு எனக்கு அந்த ஒரு விதியிலிருந்தே வந்துவிட்டது.

நிலத்தையும் பொழுதையும் அங்கே வாழும் விலங்கையும் பறவையையும் அவற்றுக்குரிய உணர்வையும் ஒன்றோடொன்று பிணைத்துத் திணை வகுத்த மொழியில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெய்தலில் கடலைக் காட்டிவிட்டு உணர்வை வேறெங்கோ வைத்தால் பாட்டு நிற்காது என்பது இங்கே பழைய பாடம். உங்கள் பனி நாட்டுக் குலமும் எரிமலைக் குலமும் நிறத்தைத் தவிர வேறெதிலும் வேறுபடாதபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் ‘ஆறு சேதம், ஒரு சீட்டு உருவு’ என்றே இருக்கின்றன. உங்கள் பனி என் கையிலிருக்கும் சீட்டுகளை என்ன செய்கிறது? உறைய வைக்கிறதா, மெதுவாக்குகிறதா, அடுத்த சுற்றுக்குப் பாதுகாத்து வைக்கிறதா? இதற்கு விடை இல்லாத குலத்துக்கு எத்தனை பக்க வரலாறு எழுதினாலும் வீண்.

எல்லாச் சீட்டும் கதை சொல்லியே ஆக வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. காசு காசாக இருக்கட்டும். சில நேரங்களில் கதைக்குப் பொருந்தும் என்பதற்காகவே ஐந்து வரி விதியைச் சீட்டில் திணித்து, படிப்பதற்குள் ஆட்டத்தின் வேகத்தைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துப் பாவமும் இருக்கிறது. சோதனை ஆட்டத்தில் அப்படிப்பட்ட சீட்டை வெட்டினால் நான் கைதட்டுவேன். விதி நீண்டால் அடியில் வரும் சாய்வெழுத்து வரிக்கு இடமில்லாமல் போவதையும் மேஜிக்கில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். எதை விடுவது என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் அறையில் கதை எழுதுபவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கேட்பவை அதிகமில்லை. வெளியான சீட்டின் செயல் மாறும்போது அதன் பெயரையும் படத்தையும் வரியையும் ஒருவர் மறுபடி பார்த்து ஒப்பமிடட்டும். பொருந்தாவிட்டால் புதுப் பெயர் கொடுங்கள், பழையவரைக் கௌரவமாக ஓய்வுபெறச் செய்யுங்கள். திருத்த அறிவிப்பில் எண்ணுக்குக் காரணம் எழுதுவது போலவே இதற்கும் இரண்டு வரி எழுதுங்கள். சோதனை ஆட்டக்காரர்களிடம் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுச் சீட்டை நீட்டி, இது யாராக இருக்கும் என்று கேட்டுப்பாருங்கள். சரியான பெயரைச் சொல்ல வேண்டாம். ‘யாரோ ஒரு பிடிவாதக்காரன்’ என்ற அளவுக்கு வந்தால் போதும். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினால் அந்தச் சீட்டு இன்னும் முடியவில்லை.

படிவத்தில் இருக்கும் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: பலவீனம் என்று தெரிந்தும் உங்கள் கட்டிலிருந்து நீக்க மனம் வராத சீட்டு எது, ஏன்? வரும் பதில்களை வலிமைப் புகார்களைப் படிக்கும் அதே ஆள், அதே மேசையில் வைத்துப் படிக்கட்டும். முதல் பதிலை நானே அனுப்பிவைக்கிறேன். படகோட்டிக் கிழவியைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை விடாமல் ஆடிவரும் ஒருவர்